நெல் லாரிகள் எங்கள் தெருவை விட்டுப் போகவில்லை: வார்டு உறுப்பினரிடம் எதைக் கேட்பது?

வாய்க்கால்கரைவாசி
அக்டோபர் 12

அனைவருக்கும் வணக்கம். காவிரி டெல்டாவில் உள்ள ஒரு சிறிய நகராட்சியில் குடியிருக்கிறேன். ஊர்ப் பெயரைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் வார்டு உறுப்பினர் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர். இது அவர்மேல் சொல்லும் புகாராக ஆகிவிடக் கூடாது.

எங்கள் தெரு கடைத்தெருவுக்குப் பின்னால், பாசன வாய்க்காலை ஒட்டி, ஏறத்தாழ 300 மீட்டர் நீளத்துக்குச் செல்கிறது. திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடுகள் பாதி, அவற்றை இடித்துக் கட்டிய மாடி வீடுகள் பாதி. மேற்கு முனையில் வாய்க்காலைக் கடக்கும் பழைய செங்கல் மதகு ஒன்றும், கிழக்கு முனையில் ஒரு தொடக்கப் பள்ளியும் இருக்கின்றன. மதகருகே தெருவின் அகலத்தை நாடா வைத்து அளந்தேன், 4.2 மீட்டர் வந்தது. மதகின் ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் பாதிக்குமேல் இடிந்து கிடக்கிறது. அந்த இடத்தில் யாரோ இரண்டு மூங்கிலை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள்.

ஈராண்டுகளுக்கு முன் பெரிய சாலையில் பாலம் கட்டத் தொடங்கியபோது போக்குவரத்தை எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஊருக்குப் பாலம் வேண்டுமே என்று நாங்களும் பொறுத்துக்கொண்டோம். பாலம் கட்டி முடித்துத் திறந்தும் ஆகிவிட்டது. பேருந்துகளும் கார்களும் பழைய வழிக்குத் திரும்பிவிட்டன. நெல் லாரிகள் மட்டும் திரும்பவில்லை. குறுவை அறுவடை தொடங்கியதிலிருந்து, கொள்முதல் நிலையங்களில் மூட்டை ஏற்றிக்கொண்டு கிடங்குக்கும் ரயிலடிக்கும் போகிற லாரிகள் இரவு முழுவதும் எங்கள் வாசலில்தான் போகின்றன. என் தாயாருக்கு வயது 78. இரவில் தூக்கம் குறைவு. திண்ணையில் அமர்ந்து, ஒரு லாரி போனால் ஒரு புளியங்கொட்டை என்று ஒரு பித்தளைக் கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருப்பார். சென்ற வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிமுதல் காலை ஐந்து மணிவரை 31 கொட்டைகள் சேர்ந்தன. அவர் கண்ணயர்ந்த நேரத்தில் போனவை இந்தக் கணக்கில் இல்லை.

கடந்த ஜூன் மாதம் தெருவாசிகள் 62 பேர் கையெழுத்திட்டு உறுப்பினரிடம் ஒரு மனு கொடுத்தோம். தெருவில் மூன்று இடங்களில் வேகத்தடை, லாரிகளுக்குத் தடை, மதகுக்குக் கைப்பிடிச் சுவர், பள்ளி முன் விளக்கு, உடைந்த வடிகால் மூடிகளை மாற்றுதல் ஆகிய ஐந்தையும் அந்த ஒரே மனுவில் கேட்டிருந்தோம். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “பார்க்கிறேன்” என்றார். ஒன்றரை மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து, தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு கடிதம் வந்தது. உரிய துறை எது என்று அதில் இல்லை. விளக்கு மட்டும் எரிகிறது.

இப்போது இளைஞர்கள் சிலர் மறியல் செய்யலாம் என்கிறார்கள். வேறு சிலர் இன்னும் நூறு கையெழுத்து வாங்கலாம் என்கிறார்கள். நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளையொட்டி, வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடக்கவிருக்கிறது. அதில் எதை, எப்படி வைத்தால் வேலை நடக்கும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய மட்டக்கோல்
அக்டோபர் 12

நகராட்சிப் பொறியியல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் மனுவைப் போன்ற நூற்றுக்கணக்கான மனுக்கள் என் மேசைக்கு வந்து, பதிலின்றிப் போயிருக்கின்றன என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் அந்தத் தெரு யாருடையது என்பதை எழுத்தில் பெறுங்கள். டெல்டா ஊர்களில் இது நாம் நினைப்பதைவிடச் சிக்கலான கேள்வி. கல்லணையில் தொடங்கிக் காவிரிப்பூம்பட்டினம் வரை போகும் மாநில நெடுஞ்சாலை 22 எத்தனையோ ஊர்களுக்குள் புகுந்து போகிறது. வழியில் கடை வைத்திருப்பவர்கள் அதை ‘நம்ம முனிசிபாலிட்டி ரோடு’ என்றுதான் சொல்வார்கள். வாய்க்காலை ஒட்டிய பாதையாக இருந்தால் கரை நீர்வளத் துறையுடையதாகவும், மேலே போட்ட தார் நகராட்சியுடையதாகவும் இருக்கக்கூடும். ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு கிடையாது. நகராட்சியில் சாலைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, உங்கள் தெரு, மதகு ஆகிய இரண்டும் எந்தப் பதிவேட்டில் உள்ளன என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

அடுத்து வேகத்தடை. மனு எழுதுகிற எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் அமைப்பின் ஐ.ஆர்.சி. 99 என்னும் வழிகாட்டியில் உள்ள வேகத்தடைக்கும் நம் தெருக்களில் கிடக்கும் மேட்டுக்கும் உறவே இல்லை. வழிகாட்டியின்படி அது போக்குவரத்துத் திசையில் 3.7 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்க வேண்டும். நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர்தான். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அதிர்ச்சியின்றிக் கடப்பதற்கான வளைவு அது. 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகையும், மேட்டின்மீது இரவில் தெரியும் வர்ணக் கோடுகளும் இருக்க வேண்டும். உங்கள் தெருவில் அப்படி மூன்றை வைக்க இடமிருக்கிறதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லாரி இரவு இரண்டு மணிக்கு ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் எழும் ஓசையை உங்கள் தாயார்தான் முதலில் கேட்பார். பழைய ஓட்டு வீடுகளின் சுவர்களும் அதை உணரும். என் கருத்தில் உங்களுக்கு வேண்டியது பள்ளி முனையில் முறையான ஒரே ஒரு வேகத்தடை.

லாரித் தடைக்கு வருகிறேன். இது உறுப்பினரின் கையிலும் இல்லை, நகராட்சி ஆணையரின் கையிலும் இல்லை. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115 ஆவது பிரிவின்படி, ஒரு சாலையில் குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ அதிகாரம் மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அதிகாரிக்கும் உண்டு. நடைமுறையில் கோப்பு, காவல்துறையின் கருத்தோடு, மாவட்ட ஆட்சியர் மேசைக்குப் போகும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடையாக இருந்தால் அரசிதழில் வெளியிடத் தேவையில்லை, உள்ளூரில் அறிவித்தால் போதும் என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது. அதனால் அறுவடைக் காலத்தில் ஒரு மாதச் சோதனைத் தடை கேட்பது நிரந்தரத் தடை கேட்பதைவிட எளிது.

இந்தப் பிரிவில் இன்னொன்றையும் கவனியுங்கள். பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி ஆகியவற்றோடு, சாலை அல்லது பாலத்தின் தன்மையும் தடைக்குரிய காரணமாக அதில் சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் மூன்றாவதாக எழுதிய மதகுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. அந்தச் செங்கல் வளைவு எத்தனை டன் தாங்கும் என்று பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்யச் சொல்லுங்கள். கனரக வாகனங்களுக்கு ஏற்றதன்று என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், எடை வரம்புப் பலகை வைக்காமல் இருக்கும் துணிவு எந்த அலுவலருக்கும் வராது.

ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது மரபு. நீர்வரத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது மதகின் கைப்பிடிச் சுவரைக் கட்டலாம். அடித்தளத்தையும் வளைவையும் தொட முடியாது. அந்த நான்கரை மாத இடைவெளியில் வேலை நடக்க வேண்டுமானால் மதிப்பீடும் ஒப்புதலும் தை மாதத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். பிப்ரவரியில் மனு கொடுப்பவர்களுக்கு அடுத்த பிப்ரவரிதான் கிடைக்கும். நான் பணியிலிருந்தபோது இந்த ஒரு காரணத்தால் மட்டும் ஒரு மதகு நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது.

தெற்குவீதி
அக்டோபர் 13

வேகத்தடையைப் பற்றி மேலே ஐயா எழுதியதற்கு எங்கள் தெருவே சாட்சி. நாங்கள் கேட்டோம் என்பதற்காக அப்போதைய உறுப்பினர் தம் சொந்தச் செலவில், ஒரே இரவில், கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லியையும் சிமென்டையும் கொண்டு ஒரு மேடு போட்டுக் கொடுத்தார். மறுநாள் அவருக்கு மாலை போட்டவர்களில் நானும் ஒருத்தி. வர்ணம் பூசவில்லை, பலகையும் இல்லை. மூன்றாவது வாரம் விடியற்காலையில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் மிதிவண்டியோடு அதில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து, நான்கு மாதம் தொழிலுக்குப் போகவில்லை. கேன் உருண்டு கொட்டிய பால் எங்கள் வாசல்வரை வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஐப்பசி மழையில் வேறொரு துன்பமும் சேர்ந்தது. நம் பகுதித் தெருக்களுக்குத் தண்ணீர் ஓடும் சரிவு மிகவும் குறைவு; தண்ணீர் தெருவின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நகர்ந்துதான் வடிகிறது. அந்த மேடு குறுக்கே அணைபோல நின்றுவிட்டதால் மேல்பக்கத்தில் ஆறு வீடுகளின் வாசலில் முழங்கால் அளவு தேங்கியது. பிறகு தெருக்காரர்களே கடப்பாரையால் நடுவில் வெட்டி வாய்க்கால் விட்டோம். இப்போது அது வேகத்தடையாகவும் இல்லை, தெருவாகவும் இல்லை. எனவே வேகத்தடை கேட்டால், தண்ணீர் வடிய இரு ஓரமும் இடம் விடவேண்டும் என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

நெல்வண்டி
அக்டோபர் 14

இந்த உரையாடலில் லாரிக்காரர்கள் தரப்பிலிருந்து ஒருவரும் பேசாததால் எழுதுகிறேன். என்னிடம் இரண்டு பத்துச் சக்கர லாரிகள் உள்ளன. கொள்முதல் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிச்செல்ல ஓடுகின்றன. உங்கள் ஊர் எதுவென்று எனக்கு விளங்கிவிட்டது, சொல்ல மாட்டேன்.

இரவில் உங்கள் தெருவில் வண்டி ஓட்டுவது எங்களுக்கும் விருப்பமான செயலன்று. 40 கிலோ மூட்டை 400 ஏற்றினால் சரக்கு மட்டுமே 16 டன். அந்த எடையோடு, ஒரு பக்கம் சுவர் இல்லாத மதகில், கீழே தண்ணீர் ஓடுவது தெரிய, முன்சக்கரத்தை மூங்கிலுக்கு உள்ளே வைத்து ஏற்றுவது எப்படிப்பட்ட வேலை என்பதை என் ஓட்டுநரைக் கேட்டால் சொல்வார். அந்த மதகில் மட்டும் கிளீனர் இறங்கி முன்னால் நடந்து கைகாட்டுகிறார். நிலையத்தில் மூட்டைகள் வெட்டவெளியில் அடுக்கிக் கிடக்கின்றன. மழைக்கு முன் எடுக்கவில்லையென்றால் நனைந்து முளைக்கும். அதனால் இரவென்றும் பகலென்றும் பார்க்க முடிவதில்லை.

பிறகு ஏன் புதிய பாலத்தில் போவதில்லை என்று கேட்பீர்கள். பாலத்தில் எந்தக் குறையும் இல்லை. பாலத்தை விட்டு இறங்கியதும் ரயிலடிப் பக்கம் திரும்ப வேண்டிய முனையில் பழைய சாலை ஓரத்து மின்கம்பம் அப்படியே நிற்கிறது. சாலையை அகலப்படுத்தியபோது கம்பம் தார்ச்சாலைக்குள் வந்துவிட்டது. எதிர்ப்புறம் கடைகளுக்கு முன்னால் இரண்டு வரிசை மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். பேருந்துகள் நேராகப் போய்விடுகின்றன, கார்கள் திரும்பிவிடுகின்றன. நீளமான வண்டியைத் திருப்பினால் பின்பக்கம் கம்பத்தில் இடிக்கும். ஒருமுறை பின்னோக்கி எடுத்துத் திருப்ப முயன்றதில் என் வண்டியின் பக்கப் பலகை உடைந்தது. கடைக்காரருக்கு ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் பணம் கொடுத்தேன். அதன்பிறகு யார் அந்த முனைக்குப் போவார்கள்?

உங்கள் தெருவில் தடை வாங்கினால் நாங்கள் அதை அடுத்த தெருவில் கொண்டுபோய் வைப்போம். எங்களுக்கு வேறு வழி இல்லை. அந்தக் கம்பத்தை நகர்த்தச் சொல்லுங்கள். தடைப் பலகை வைக்காமலேயே உங்கள் தெரு காலியாகிவிடும்.

வேற்றூர் உறுப்பினர்
அக்டோபர் 15

நானும் ஒரு நகர்மன்ற உறுப்பினர்தான்; வேறு மாவட்டம். உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் இருந்தும் எனக்கு வரும் மனுக்களில் கணிசமானவை இன்றும் என் கணவரின் பெயருக்கே எழுதப்பட்டு வருகின்றன என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் உறுப்பினர் மனுவைச் சட்டைப் பையில் வைத்ததற்கு நான் சாக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தத் தாள் அவர் கையிலிருந்து எங்கே போயிருக்கும் என்று சொல்ல முடியும். ஐந்து கோரிக்கை உள்ள மனு அலுவலகத்தில் பதிவாகும்போது ஒரே ஒரு எண்தான் பெறும். ஒரே ஒரு பிரிவுக்குத்தான் போகும். அந்தப் பிரிவு தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டு மனுவை முடித்துவைக்கும். உங்கள் மனு மின்பிரிவுக்குப் போயிருக்கிறது. விளக்கு எரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதிவேட்டைப் பொறுத்தவரை உங்கள் குறை தீர்ந்துவிட்டது.

அதனால் ஐந்தையும் ஐந்து தாள்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோரிக்கை, ஒரு இடம், ஒரு அளவு, நாள் குறித்த ஒரு புகைப்படம் இருக்கட்டும். 62 கையெழுத்தே போதும்; 162 ஆனாலும் அலுவலர்கள் முதல் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அதைவிட உங்கள் தாயாரின் புளியங்கொட்டைக் கணக்கை நாள், நேரம் போட்டு ஒரு வாரத்துக்கு எழுதிவையுங்கள். காவல்துறையிடமோ ஆட்சியரிடமோ போகும்போது அந்தக் கணக்குக்கு இருக்கும் மதிப்பு ‘ஏராளமான லாரிகள்’ என்ற சொல்லுக்குக் கிடையாது.

உறுப்பினரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. வடிகால் மூடி, விளக்கு, நகராட்சிச் சாலையில் வேகத்தடை, நகராட்சிக்குரியதாக இருந்தால் மதகு ஆகியவற்றை அவர் நேரடியாக அலுவலகத்தில் வற்புறுத்தலாம். மன்றப் பொருளாகக் கொண்டுவரச் செய்யலாம். நெடுஞ்சாலை, காவல்துறை, மின்வாரியம், நீர்வளத் துறை ஆகிய நான்குக்கும் அவர் உத்தரவிட முடியாது. மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பச் செய்யலாம். தனி மனிதர் ஒருவர் ஆட்சியரிடம் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கும், நகர்மன்றத் தீர்மானத்தின் நகலோடு மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போகும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர். நெடுஞ்சாலை, காவல், போக்குவரத்து அலுவலர்கள் ஒரே மேசையில் அமர்வது அங்கே மட்டும்தான்.

பகுதி சபையை வெறும் சடங்கு என்று விட்டுவிடாதீர்கள். 2022 நவம்பர் 1 அன்று மாநிலமெங்கும் முதன்முறையாக அவை கூட்டப்பட்டபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். நாற்காலி வாடகைக்கே பணம் வீண் என்று பேசினேன். பிறகுதான் அங்கே எழுதப்படும் நடவடிக்கைக் குறிப்பின் பயன் தெரிந்தது. பேசியதோடு வந்துவிடாமல், பேசியது குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்துக் கையெழுத்திட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக, சென்ற கூட்டக் குறிப்பின் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று கேளுங்கள். உறுப்பினருக்கு இது நெருக்கடி என்று நினைக்கலாம். உண்மையில், அலுவலகத்தில் மேசையைத் தட்டிக் கேட்பதற்கு அந்தக் கேள்விதான் எங்களுக்குக் கிடைக்கும் பிடி.

மறியலைப் பற்றி ஒன்று. மறியல் செய்தால் வட்டாட்சியரும் ஆய்வாளரும் வருவார்கள், பேச்சுவார்த்தை நடக்கும், இரண்டு வாரத்தில் நடவடிக்கை என்பார்கள், கலைந்து போவீர்கள். அந்த இரண்டு வாரம் என்றைக்கு முடிகிறது என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை. இளைஞர்கள்மேல் வழக்கு மட்டும் எழுத்தில் இருக்கும்.

வாய்க்கால்கரைவாசி
அக்டோபர் 19

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. லாரிக்காரர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று காலை ஐந்து மணிக்கு அந்த முனைக்குப் போய் நின்றேன். இத்தனை நாள் அந்தக் கம்பத்தை ஒட்டித்தான் கீரை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அது சாலைக்குள் நிற்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. கம்பத்தின் அடி தார் ஓரத்திலிருந்து ஒரு கஜம் உள்ளே இருக்கிறது. ஒரு ஆள் உயரத்தில் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பல வண்ணப் பெயின்ட் ஈஷிக்கொண்டிருக்கிறது. எல்லாம் லாரிகளின் பக்கப் பலகைகள் உரசியவை. நான் நின்ற முக்கால் மணி நேரத்தில் ஒரு லாரி அந்த முனைவரை வந்து, நின்று, யோசித்து, பின்னோக்கிப் போய், எங்கள் தெருவுக்குள் நுழைந்தது.

உறுப்பினரை மறுநாள் அதே நேரத்துக்கு அழைத்துப் போனேன். அவரும் கம்பத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது என் வார்டே இல்லையே, பக்கத்து வார்டு அல்லவா” என்றார். அப்போதுதான் எங்கள் மனு ஏன் எங்கேயும் போகவில்லை என்று எனக்கும் ஒருவாறு விளங்கியது. கம்பத்தை நகர்த்துவதற்கு யார் பணம் கட்ட வேண்டும் என்பதையும் யாரேனும் சொல்லுங்கள்.

பழைய மட்டக்கோல்
அக்டோபர் 19

கம்பத்தை நகர்த்தச் சொல்லி யார் கேட்கிறார்களோ அவர்கள் செலவைக் கட்ட வேண்டும். மின்வாரியம் மதிப்பீடு தரும். பணத்தைச் செலுத்தியபின் வேலை நடக்கும். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அவர்களே கேட்டுக் கட்டுவது முறை. பாலத்தின் மதிப்பீட்டிலேயே பெரும்பாலும் இதற்கென ஒரு செலவுத் தொகை இருக்கும். அந்தத் தொகை செலவானதா, மிச்சமிருக்கிறதா என்று அதே தகவல் உரிமை விண்ணப்பத்தில் கேளுங்கள். தெருவாசிகள் கைக்காசு போட்டுக் கட்ட முன்வராதீர்கள். பிறகு அது வழக்கமாகிவிடும்.

இரு வார்டு உறுப்பினர்களும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவதும் நல்லது. கட்சி வேறாக இருந்தால் இன்னும் நல்லது.

வாய்க்கால்கரைவாசி
பிப்ரவரி 9

சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கிறது. கேட்டுவிட்டுக் காணாமல் போனவன் என்று ஆகக் கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

நவம்பர் 1 அன்று பகுதி சபையில் ஐந்து தனித்தாள்களைக் கொடுத்தோம். தாயாரின் ஏழு இரவுக் கணக்கை நானே படித்தேன், மொத்தம் 173. சிலர் சிரித்தார்கள். குறிப்பேட்டில் எழுதுகிறவர், “புளியங்கொட்டை என்று எழுதவா, வாகனக் கணக்கெடுப்பு என்று எழுதவா” என்று கேட்டார். வாகனக் கணக்கெடுப்பு என்றே எழுதச் சொன்னோம். வடிகால் மூடிகள் இரண்டு வாரத்தில் வந்தன. அவற்றில் ஒன்று அளவு பொருந்தாமல் இன்னும் ஆடுகிறது. மிதிவண்டி ஏறினால் தாளம் போடும்.

பதிவேட்டின்படி தெரு நகராட்சியுடையது என்று பதில் வந்தது. மதகு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்றும் அதே பதிலில் இருந்தது. நூறு ஆண்டுகளாகத் தண்ணீருக்கு மேல் நிற்கிற ஒன்று தாளில் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு 10 ரூபாய் ஆனது. உறுப்பினர் இதை மன்றத்தில் எழுப்பினார். டிசம்பரில் மதகை நகராட்சிக் கணக்கில் சேர்த்துத் தீர்மானம் நிறைவேறியது. பொறியாளர் வந்து வளைவின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, கனரக வாகனங்களுக்கு ஏற்றதன்று என்று எழுதிக் கொடுத்தார். எடை வரம்புப் பலகை தை பிறப்பதற்கு முதல் நாள் நடப்பட்டது. மதகைப் புதுப்பிக்கும் மதிப்பீடு ஒப்புதலுக்குப் போயிருக்கிறது, வாய்க்கால் வறண்டுவிட்டது, ஜூன் வரை நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கம்பத்துக்குப் பாலத்தின் மதிப்பீட்டிலேயே தொகை இருந்தது, செலவாகவில்லை. இரு உறுப்பினர்களும் கையெழுத்திட்ட கடிதமும் தீர்மான நகலும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போயின. சென்ற மாதக் கடைசியில் கம்பத்தைப் பிடுங்கி, கடைச் சுவரை ஒட்டி நட்டுவிட்டார்கள். மோட்டார் சைக்கிள்கள் இரண்டு வரிசையாகவே நிற்கின்றன. அதற்கு அடுத்த பகுதி சபையில் ஆறாவது தாள் எழுத வேண்டும். பள்ளி முனை வேகத்தடைக்கு வர்ணக் கோடும் பலகையும் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம் என்று நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டோம். அதனால் அது தாமதமாகிறது. தெற்குவீதி அம்மாவின் பால்காரரை நினைத்துக்கொண்டு பொறுத்திருக்கிறோம்.

நேற்று இரவு தாயாரின் கிண்ணத்தில் நான்கு கொட்டைகள்தான் இருந்தன. அவற்றில் ஒன்று வைக்கோல் டிராக்டர், தவறிப்போய்ப் போட்டுவிட்டேன் என்றார்.